ஒரு சொல் குறைவாக

மாதம் முடிய முதல் கடிதம் போய்ச் சேரவேண்டும்.
அனுப்பிய நாள் கணக்கில்லை,
அவர் கையில் கிடைத்த நாள்தான் கணக்கு.
பதினான்கு வருடம் நின்றவனுக்கு மூன்று மாதத் தவணை.
தொழிற்சங்கக் கந்தோரில்
குடை சொட்டச் சொட்ட நின்று இதெல்லாம் கேட்டு வந்தேன்.

கடிதம் நான்கே வரி.
இத்தால் என் வேலையிலிருந்து விலகுகிறேன்.

விலகு.
தவபாலன் இருந்த காலத்தில்
ஒரு நாளைக்கு நூறு தரம் கத்துவோம்,
கொதிக்கிற சட்டியோடு வருகையில்:
விலகு, சூடு!
சுவரோடு ஒட்டி வழிவிட்டு
மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பதற்குத்தான்
இதுவரை அந்தச் சொல்.

ஓர்டர் துண்டு ஒன்றின் பின்பக்கம்
காரணங்களை எழுதிப் பார்த்தேன்.
முழங்கால்.
எங்கள் பெருநாள் இரவுகளெல்லாம்
பிறத்தியாரின் கரண்டிகளோடு கழிந்தது.
புதுச் சமையல்காரன் என்னை "ஏய்" என்பது,
ஆம்ஸ்டுட்ஸ் அதைக் கேட்டும் கேளாதிருந்தது.
மகள் பள்ளிப் படிவத்தில்
"அப்பா: ஹோட்டல்" என்றதோடு பேனாவை மூடியது.
பதினொன்று வந்தது.
கடிதத்துக்கு ஒன்றும் தேவையில்லையாம்.
மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்,
சனிக்கிழமை உடுப்போடு வெளுத்துப் போயிற்று.

தபாலில் போட முதல் நேரில் சொல்வது மரியாதை.
மதியச் சாப்பாடு முடிந்து
இரவுக்கு உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்காத மூன்று மணி.
யன்னலுக்கு வெளியே ஆரே ஆறு பச்சையாய்,
தூன் நகரத்தில் எதற்கும் அவசரமில்லை என்பதுபோல.
ஸ்டெஃபிஸ்பூர்க் பஸ்ஸில்
ஒரு கிழமையாய்ச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனம்.
அந்த ஜெர்மன் வசனத்திலும் வினை கடைசியில்தான் வந்தது;
தமிழைப்போலவே,
கடைசிச் சொல் வரைக்கும் அவருக்கு எதுவும் தெரியாது.

ஏன் என்று அவர் கேட்கவில்லை.
"அப்போ மெஷினை யார் பார்ப்பது?"

மூன்று மாதமும் மெஷினைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.
டெஸ்ஃபாய் என்னைவிட ஆறு வயது மூத்தவர்,
எரித்திரியாவில் கப்பல் எஞ்சின் பார்த்தவர்.
இடதுபக்கக் கீழ்மூலையை முழங்காலால் தட்டவேண்டும் என்றதும்
மூடியைக் கழற்றி
ஒரு ஆணியை இறுக்கினார்.
அதன்பிறகு தட்டவே தேவைப்படவில்லை.
பதினான்கு வருடம்.
என் முழங்கால் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றது.
கையளிப்புத் தாளில் இல்லாத ஒன்றை மட்டும் சொன்னேன்:
"ஏய்" என்றால் திரும்பாதீர்கள்.
பெயர் வரும்வரை தட்டைத் துடையுங்கள்.

கடைசிக் கிழமை நற்சான்றிதழ் வந்தது.
தன் வேலையை எங்கள் முழுத் திருப்திக்குச் செய்தார்.
நல்லதுதானே என்றிருந்தேன்.
தவபாலனின் மனைவி பேர்னில் கந்தோர் வேலை,
போனில் வாசிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"அண்ணை, ஒரு சொல் குறையுது. 'எப்போதும்' இல்லை.
இந்த நாட்டில் திட்டி எழுதமாட்டார்கள்.
ஒரு சொல்லை எடுத்துவிடுவார்கள்.
அடுத்த முதலாளியின் கண் அங்கேதான் நிற்கும்."

சம்பளம் கூட்டிக் கேட்காதவன்,
ஞாயிறு கேட்காதவன்,
ஒரு சொல் கேட்டுப் போய் நின்றேன்.

"எப்போதுமா?" ஆம்ஸ்டுட்ஸ் கண்ணாடியைக் கழற்றினார்.
"அந்தப் பெரிய பனியன்று நாற்பது நிமிடம் பிந்தினீர்கள்."
"அன்று பஸ் ஓடவில்லை. நடந்து வந்தேன்."

என் சப்பாத்தைப் பார்த்தார்,
அதில் இன்னும் பனி இருப்பதுபோல.
பிறகு ஒற்றை விரலால் தட்டினார்.
தாள் வெளியே வரும்போது சூடாயிருந்தது.

ஒழுங்கையில் டெஸ்ஃபாய் சட்டியோடு வந்தார்,
தன் மொழியில் எதையோ கத்தினார்.
சுவரோடு ஒட்டி நின்றேன்.

ஏப்ரனைக் கொடுத்தேன். கத்தியைத் துவாயில் சுற்றி எடுத்தேன்,
அது என்னுடையது.
மிச்ச லீவு ஒன்பது நாளுக்கும் கையெழுத்து வாங்கினேன்.
எல்லாம் முறைப்படி.

பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு
காற்சட்டைப் பையில் தட்டுப்பட்டது லொக்கர்ச் சாவி.
நாளைக்குப் பதிவுத் தபாலில் போடவேண்டும்.
இன்னொரு ஆறு பிராங்.