மூன்றாம் பட்டை

ரத்தம் குலுங்கக் கூடாது என்றேன்.
சவரி ஸ்பானரைக் கீழே வைத்தார்.
தேவகோட்டை ரஸ்தா முக்கில்
கமான் பட்டறை அவருடையது.
வருகிறவர்கள் எல்லாம்
உயர்த்து என்பார்கள், இறுக்கு என்பார்கள்,
ஜல்லி ஏற்றணும், இன்னும் இரண்டு பட்டை போடு என்பார்கள்.
இளக்கித் தா என்று வந்தவள்
நான் ஒருத்திதானாம்.

ஜிப்சி. ஏலத்தில் எடுத்தது.
பட்டாளத்தில் எதைச் சுமந்ததோ,
இப்போது சுமப்பது
ஒரு ஐஸ் பெட்டி, நாற்பது குழாய், என்னை.
சாக்கோட்டை தாண்டினால்
செம்புறாங்கல் துருத்திய கண்மாய்க் கரை.
கலுங்கில் ஏறி இறங்கும்போது
என் பல்லே பல்லோடு பேசும்.
காரைக்குடி லேபில் போய் இறங்குகையில்
வைக்கோல் நிறத்தில் தெளிய வேண்டிய மேல்பாதி
நன்னாரி சர்பத் போல் சிவந்திருக்கும்.
உடைந்துவிட்டது, மறுபடி எடுங்கள் என்பார்கள்.

மறுபடி என்றால்
ஆறாவயல் பூச்சியம்மாளிடம்.
நரம்பு ஒளிந்து விளையாடும் கை.
"போன வாட்டி எடுத்ததை என்ன செஞ்ச,
குடிச்சிட்டியா?"
சிரிக்கத்தான் சொன்னாள்.
கை மட்டும் முந்தானைக்குள் போய்விட்டது.

ஜாக்கி ஏற்றி, யு போல்ட் கழற்றி
கட்டை இறக்கினார் சவரி.
ஐந்து பட்டையும் துருவில் ஒட்டிக் கிடந்தன.
"ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கணும்மா.
ஒட்டிக்கிட்டா அது கமான் இல்ல, கட்டை."
நடு போல்ட்டை அறுத்ததும்
படாரென்று பிரிந்தன,
ஒரே வளவில் பேசாமல் இருந்துவிட்டுப்
பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி.
கம்பிப் பிரஷ்ஷில் உதிர்ந்த துருவும்
தரையின் செம்மண்ணும்
எது எதென்று தெரியவில்லை.
முனைகளுக்கு நடுவே
ஆயில் கேனை வெட்டிச் சில்லு வைத்தார்.
மூன்றாவது பட்டையை உருவிக் கழித்தார்,
அந்தப் பக்கமும் அதே.

ஓட்டிப் பார்க்க
பக்கத்து சீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்.
மேட்டில் தளும்பவில்லை.
குழியில் தளும்பவில்லை.
சிரிக்க வாயெடுத்தேன்,
மடையருகே டொக்,
அச்சு போய்ச் சட்டத்தில் இடித்தது.
டம்ளர் என் மடியில்.

மறுபடி ஜாக்கி.
குப்பையில் கிடந்த ஆம்னியின் மெல்லிய பட்டைகளைத்
தேடி எடுத்துப் பட்டறைக்கல்லில் வைத்து
அடித்து அடித்து வளைத்தார்.
தரையில் சாக்பீஸால் கிழித்த வில்லோடு
ஒட்டிப் பார்த்து,
போதாது, இன்னும் இரண்டு அடி.
நெருப்பில் காட்டவே இல்லை.
காட்டினால் இரும்புக்குத் திமிர் போய்விடுமாம்.

டீ வந்தது.
கூடவே திருப்பாச்சேத்திக்காரர் ஒருவர்.
கழித்த பட்டையை விரலால் சுண்டிக்
காது கொடுத்துக் கேட்டார்.
நல்ல இரும்பு, அருவாளுக்கு ஆகும்,
ஜோடி இருநூறு.
சவரி என்னைப் பார்த்தார்.
தேங்காய் வெட்டுவார்கள், கருவேலம் கழிப்பார்கள்,
தெரியும்.
ஆனால் நான் ஐந்து மில்லிக்குப் பெயரும் வயதும் ஒட்டி
கையெழுத்து வாங்குகிறவள்.
தரவில்லை என்றேன்.
ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.
அவர் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டையும் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினேன்.
சவரி குனிந்து சக்கரத்துக்கு மேலே
அளவுகோலை வைத்தார்:
"ஒரு நூல் இறங்கிடுச்சு, ரத்தக்காரம்மா."

மறுநாள் காலை ஆறாவயல்.
பூச்சியம்மாள் இந்த முறை
இடது கையை நீட்டினாள்.
முதல் குத்திலேயே கிடைத்தது.
திரும்பும்போது கலுங்கில் ஏறி இறங்கினேன்.
ஐஸ் பெட்டியிலிருந்து சத்தமில்லை.
சீட்டுக்கு அடியில் அந்த இரண்டு மட்டும்
காரைக்குடி வரை
கடகடத்துக்கொண்டே வந்தன.