கால் சுற்று

நவம்பர் முதல் தேதி பிறந்த தடை
ஏப்ரல் பதினைந்து நள்ளிரவில் காலாவதி.
எத்தனை பாக்கி இருந்தாலும்
குளிர் முடியும்வரை
வீட்டுக் குழாயில் கை வைக்காதே என்றது அது.
குளிர் எப்போது முடியும் என்று
காலண்டரைக் கேட்டார்கள்.
ஏரியைக் கேட்கவில்லை.

பதினாறாம் தேதி, காலை ஏழு.
சுப்பீரியர் ஏரியில் உறைந்த தண்ணீர்
இன்னும் முனகிக்கொண்டிருக்கிறது.
இரவெல்லாம் பெய்ததில் தெருவுக்குக் கணுக்கால் இல்லை.
ரைனோ லாம்பினென் வண்டியைக் கிளப்புகிறார்.
பக்கத்து இருக்கையில்
ஒரு குறடு,
பை நிறையச் சிவப்புப் பூட்டுகள்,
பதினொரு முகவரிகள்.

அவர் வேலையின் அளவு
கால் சுற்று.
வால்வின் காது
குழாயோடு நீளவாக்கில் நின்றால் வீடு.
குறுக்கே திரும்பினால்
நான்கு சுவர், ஒரு கூரை.

முதல் வீடு காலி.
போகிற அவசரத்திலும் யாரோ
ஜன்னலில் போர்வையை ஆணியடித்திருந்தார்கள்.
இரண்டாவதில் ஒரு பையன்,
முதுகில் பள்ளிப் பை.
"அம்மா தூங்கறாங்க. நைட் ஷிஃப்ட்."
பூட்டிவிட்டு,
அறிவிப்பு அட்டையை அவன் கையில் கொடுக்காமல்
அவன் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து
கதவில் மாட்டினார்.

மூன்றாவது, டெல்ஃபின் கடோட்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு டாலர், நாற்பது சென்ட்.
கெஞ்சவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.
"மீட்டர் பின்பக்கம்" என்றாள்.
"வழி போட்டு வச்சிருக்கேன்."

போட்டிருந்தாள்.
வீட்டு முனையிலிருந்து மீட்டர் வரை
ஓர் ஆள் அகலம்.
இருபுறமும் இடுப்பளவுக்கு
கத்தி வைத்து நறுக்கியதுபோல் பனி.
உப்பு வாங்கக் காசில்லாமல்
வழுக்காதிருக்கப் பூனை மணல் தூவியிருந்தாள்.
மீட்டரின் தலையில் ஒரு பொட்டுப் பனி இல்லை.
பில்லின் பின்னால் எறும்பெழுத்தில்
ஒரு வரி இருக்கும்:
மீட்டருக்கு வழி விட்டு வைக்கவும்.
ஊரில் அதைப் படித்த ஒரே ஆள்
இவளாகத்தான் இருக்க வேண்டும்.

குறடைப் பொருத்தினார்.
சுவருக்கு அந்தப் பக்கம் உலை பற்றிக்கொண்டது,
பேச வருகிறவர்
தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல.
வால்வு பாதி தூரம் அசைந்தது.

அவருக்கு இரக்கம் வந்ததென்று எழுத மாட்டேன்.
எரிச்சல்தான் வந்தது.
இப்படியா ஒருத்தி வழி வெட்டுவாள்,
ஒரு சாக்குப்போக்குக்குக்கூட இடம் வைக்காமல்!

காதை மறுபடி நேராக்கினார்.
சுவரோரம் சாய்ந்திருந்த அவளுடைய வாரியை எடுத்தார்.
அவள் வெட்டிய கரையை வெட்டி
அவள் திறந்த வழியை மூடினார்.
அறுபத்தொரு வயது முதுகு
ஒவ்வொரு வாரலுக்கும் கணக்குக் கேட்டது.
மீட்டர் கழுத்துவரை புதைந்தது.
மூச்சுத் துளையை மட்டும்
கையுறையால் தட்டித் திறந்து வைத்தார்.
முப்பது வருடப் பழக்கம்.

சமையலறை ஜன்னலில் டெல்ஃபின்
வாயில் வராத வசவோடு நின்றிருந்தாள்.
ஐந்து மாத உழைப்பை
ஒருவன் கண்ணெதிரே நாசம் செய்கிறானே.
புரிந்தபோது
அவள் கையிலிருந்த காபி ஆறியிருந்தது.

அவர் கைபேசியில் படம் எடுத்தார்.
படிவத்தில் எழுதினார்:

பணி: முடியவில்லை.
காரணம்: பனி.

நான்காவது வீட்டில் வால்வைக் காற்றே துடைத்து வைத்திருந்தது.
ஐந்தாவதில் நாய் குரைத்தது, அவ்வளவுதான்.
ஆறு, ஏழு.
எல்லா வீட்டிலும் பனி
கேட்ட இடத்தில் விழுந்திருக்கவில்லை.
சில வீடுகளில் விழுந்திருந்தது;
அவருக்குத்தான் முதுகு இல்லை.

மாலை, பையில் மீந்த ஒற்றைப் பூட்டு
வீடுவரை கிலுங்கிக்கொண்டே வந்தது.
வெயில் அடித்தால் மூன்று நாள்.
ஏரிக்காற்று திரும்பினால் ஐந்து.
அதற்குள் எண்ணூற்றுப் பன்னிரண்டு
எங்கிருந்தும் முளைக்காது,
அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் விடியுமுன்
டெல்ஃபின் வாரியோடு வெளியே வந்தாள்.
வாசற்படியைச் சுரண்டினாள்.
தபால்பெட்டி வரை வழி எடுத்தாள்.
வீட்டின் முனைவரை போய்,
சற்று நின்று,
திரும்பிவிட்டாள்.