நிகர எடை

லாரி உள்ளே வரும்போது ஒரு எண்.
பழத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எண்.
கழித்தால் வருவதற்குத்தான் காசு.
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
கணக்கியல் பட்டதாரி.

காலையிலிருந்து மேசையில் கிடக்கிறது
கூட்டுறவுக் கழகப் பாரம்.
‘சிதறிய கல்விக் கடன்களை ஒன்றாக்குங்கள்’,
சிரிக்கும் ஒரு குடும்பத்தின் காலடியில்.

என்னுடையவை மூன்று.
அரசாங்கத்துக்கு மாதம் நூற்றைம்பது வெள்ளி, இன்னும் ஏழு வருஷம்.
கடைசி வருஷக் கட்டணத்துக்கு வாங்கியது
இருநூற்றுப் பத்து, நாலு வருஷம்.
ஆ செங் கடை லேப்டாப்புக்குத் தொண்ணூற்றைந்து, ரெண்டு வருஷம்.
லேப்டாப் செத்துப் பத்து மாதமாகிறது.

ஐந்தாம் தேதி, பதினைந்து, இருபத்தெட்டு.
மூன்று வேகத்தடை உள்ள சாலை
என் மாதம்.

ஒன்றாக்கினால் இருநூற்றுத் தொண்ணூறு, ஒரே தேதி.
கையில் நூற்று அறுபத்தைந்து நிற்கும்.
அம்மாவின் கடைவாய்ப் பல்,
மோட்டாரின் பின் டயர்.
ஆனால் பத்து வருஷம்.
பெருக்கிக் கழித்தேன், தொழில் அதுதானே:
ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பது வெள்ளி கூடுதல்.
முடியும்போது எனக்கு வயது முப்பத்தேழு.

பரஞ்சோதி அண்ணன் லாரி. பதினெட்டு டன் நாற்பது கிலோ.
“என்ன கோகிலம், பாரத்த இப்படி மொறைக்கிற?”
சொன்னேன்.
“கொலையா இருந்தா நல்லதும்மா.
உதிரிதான் சக்கரத்துல மாட்டிச் சீரழியும்.”

அண்ணனுக்குத் தெரியாததல்ல,
உதிரியில்தான் எண்ணெய் கூடுதல்.
அரசாங்கக் கடன் என் உதிரிப் பழம்:
வட்டி கொஞ்சம், கேட்டால் தவணையும் தள்ளித் தரும்.
அதைப் போய்க் குலையோடு கட்டுவானேன்?

பாரத்தின் முதுகில் எறும்பு எழுத்து.
சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.
வேலையை விட்டால் மொத்தமும் உடனே.
பினாங்கில் ஒரு கம்பெனி
நேர்முகத்துக்கு அழைத்திருக்கிறது.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அதற்கும் கீழே, அதே எறும்பு:
‘ஜாமீன் தேவையில்லை.’

இந்த ஒரு வரியைத்தான்
நாலு லாரி நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.
கடைசி வருஷக் கடனுக்குக் கையெழுத்திட்டவள் துர்க்கேஸ்வரி,
விடுதியில் அடுத்த கட்டில்.
நான் தவறிய மூன்று மாதமும்
வங்கி அவளைத்தான் அழைத்தது.
போன வாரம் அவளுக்கு வீட்டுக் கடன் கிடைக்கவில்லை.
“பரவால்லடி” என்றாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
அந்தப் பரவால்லடியை
எந்த மேடையில் ஏற்றி எடை பார்ப்பது?

பன்னிரண்டரைக்கு லாரி இல்லை.
இறங்கிப்போய் நானே நின்றேன் மேடையில்.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இந்த எந்திரம்.
கண்ணாடிக்குள் சிவப்பாக அறுபது.
இறங்கியதும் பூஜ்யம்,
நான் வந்துபோனதே தெரியாதது மாதிரி.

திரும்பி வந்து
அரசாங்கத்தை அடித்தேன்.
ஆ செங்கையும் அடித்தேன்; சீனப் பெருநாளுக்குள்
அவனை எப்படியாவது முடித்துவிடலாம்.
‘ஒன்றாக்க வேண்டிய கடன்களின் எண்ணிக்கை’
என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
கழகத்து ஆள் சிரிப்பான்.
சிரிக்கட்டும்.

கையெழுத்துப் போடும் கோட்டில் பேனா நிற்கிறது.
பினாங்கு திங்கட்கிழமை.

ஹாரன்.
நனைந்த குலைகளோடு ஒரு லாரி,
பலகை இடுக்கில் மழை சொட்டுகிறது.
தண்ணீரையும் சேர்த்தே
எடை போட்டேன்.