இடத்தோள் வெயில்

முதலில் ஒரு வட்டம்.
ஷிப்ட் கீயை அமத்திப் பிடித்தபடி இழுக்க வேண்டும்,
விரல் தவறினால் முட்டை.
சிவப்பை ஊற்றினேன்.
நெற்றியை விட்டுக் கழன்ற பொட்டுப் போல
தட்டையாய்க் கிடந்தது.

"உதென்ன, தக்காளி வெட்டின துண்டோ?"
சிவகடாட்சம் கேட்டார்.
பருத்தித்துறை றோட்டில் ஓடும் மினிபஸ் அவருடையது.
பின்கண்ணாடி முழுக்க ஒரு உருண்டை வேணும்,
தொட்டால் வழுக்க வேணும்,
பின்னால வாறவன் அதைப் பார்த்துத் தலை இழுக்க வேணும்.
ஓடர் அவ்வளவுதான்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் கடை.
ஸ்ரிக்கர் வெட்டும் மெசின் முக்கால்வாசியை எடுத்துக்கொள்ள
மிச்சத்தில் நானும் கொம்பியூட்டரும்.
அவர் பாதி உள்ளே, பாதி ஒழுங்கையில்,
கையில் கடித்த றோல்ஸ்.

நடுவில் வெளிறிய சிவப்பு, போகப்போக மாதுளை,
விளிம்பில் ஏறக்குறையக் கறுப்பு.
உருண்டை என்பது வேறொன்றுமில்லை,
வெளிச்சம் தயங்கித் தயங்கி விலகிப் போவது.
ஆனால் கறுப்போடு நிறுத்தக் கூடாது.
கீழ்க் கரையில், இருட்டுக்கும் அப்பால்,
நகக்கண் அளவு செம்மை திரும்பி வர வேண்டும்,
நிலத்தில் விழுந்த வெயில் திருப்பித் தருகிற சில்லறை.
போட்டால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.
போடாவிட்டால் எல்லாருக்கும் ஏதோ உறுத்தும்.

புது லெயர். வெள்ளை நீள்வட்டம்.
பழக்கதோஷம், இடப்பக்க மேல்மூலையில் வைத்தேன்.
"வலப்பக்கம் வையும் பிள்ளை.
இடப்பக்கம் வாசல், கொண்டக்டர் தொங்குவான், மறைக்கும்."
"உங்கட பஸ்ஸுக்கு வெயில் எந்தப் பக்கத்தால வரும்?"
"யாழ்ப்பாணத்தில வெயில் பக்கம் பாத்தே வருது?"

பில் புத்தகத்தின் பின்தாளில் கீறினேன்.
மேலே வலது மூலை பருத்தித்துறை,
கீழே இடது மூலை நாங்கள்,
நடுவில் சரிந்த கோடு.
காலை பஸ் தென்மேற்கே இறங்கி வரும்,
பின்னால் வருபவனின் இடத்தோளில் கிழக்கு வெயில்.
பின்னேரம் வடகிழக்கே ஏறிப் போகும்,
பின்னால் போகிறவனின் இடத்தோளில் மேற்கு வெயில்.
நம்பாமல் தாளைத் தலைகீழாய்த் திருப்பியும் பார்த்தேன்.
போனாலும் இடத்தோள். வந்தாலும் இடத்தோள்.

சிவகடாட்சம் மெல்லுவதை நிறுத்தினார்.
"அட, அதுதானே
காலமையும் பின்னேரமும் இடப்பக்கக் கண்ணாடி
கண்ணுக்க குத்திறது.
இருபத்திரண்டு வருசமாக் கண்ணாடியைத்தான் ஏசினனான்."

நிழல் ஒன்றும் வைத்திருந்தேன், வலப்பக்கம் கீழே, மங்கலாக.
நிழலுக்கு நிலம் வேண்டும்.
கண்ணாடிக்கு அப்பால் இருப்பதோ
கடைசி சீற்றில் நித்திரை கொள்பவரின் பிடரி.
அதன்மேல் போட மனம் வரவில்லை, அழித்துவிட்டேன்.

வெள்ளையை அறுபத்தைந்துக்குக் குறைத்து
அதன் கீழ்ப்பாதியைக் கரைத்தபோது
சட்டென்று திரை கனத்தது.
அவர் விரலை நீட்டித் தொட்டார்.
உருண்டையின் மேல் எண்ணெய் ரேகை.
"தட்டையாத்தான் கிடக்கு," என்றார்,
ஏமாந்தவர் போல அல்ல,
சந்தேகம் தீர்ந்தவர் போல.

மூன்று கிழமை கழித்து, பின்னேரம், வல்லைவெளி.
மறைக்க ஒரு மரமில்லாத வெயில்.
என் ஸ்கூட்டிக்கு முன்னால் அந்தப் பஸ்.
புழுதி குடித்து மாதுளை செங்கல்லாகியிருந்தது.
யாரோ விரலால் "கழுவடா" என்று எழுதியிருந்தார்கள்,
நான் பாடுபட்ட அந்தக் கீழ்க் கரையிலேயே.

மேலே, இடப்பக்கம், நான் வைத்த வெள்ளை.
நாலு விரற்கடை தள்ளி
சூரியன் தானே வைத்த வெள்ளை.
பக்கம் சரி. இடம்தான் பிசகு.
றோட்டுக் கிடங்குகளில் பஸ் குலுங்கும்போதெல்லாம்
அவருடையது ஓடித் திரிந்தது.
என்னுடையது ஒட்டின இடத்திலேயே நின்றது.

ஒரு வளைவில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏற
கண் கூசி
கையெடுத்து மறைத்தேன்.
பிறகுதான் கண்டேன் பிரேக் லைற்றை.