அபராதம், நாளொன்றுக்கு ஐம்பது

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கீழே
நிதி மேலாண்மைக்கென்றே ஒரு முதுநிலைக் கல்லூரி.
மாடியில் பங்கும் பத்திரமும் பாடமாகும்.
தரைத்தளத்தில், கண்ணாடியில் வெட்டிய அரைவட்டத்துக்குப் பின்னால்
நான். தங்கலீலா, பி.காம்., இரண்டு பேப்பர் பாக்கி.

மூக்கால் ஊர் சொல்வேன்.
பிச்சிப்பூ மணத்தால் அந்த நோட்டு தோவாளை.
புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை
அருமனை, இல்லையென்றால் குலசேகரம்.
எண்ணும் இயந்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது,
ஈர நோட்டில் மட்டும் சிக்கிக்கொண்டு இருமும்.

ஆடி பிறந்து நாலாம் நாள்
ஷிபின்ராஜ் வந்து நின்றான், குளச்சல்.
கையில் நோட்டு இல்லை.
"எக்கா, தடைக்காலம் முடியட்டும்.
படகு எறங்குன மறுவாரம் கட்டிருவேன்."
ஜன்னலுக்கு வெளியே அத்தனை காற்றாலையும்
வெறிபிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன.
படகைக் கட்டிப்போட்ட அதே மாதம்தான்
அவற்றுக்கு அறுவடை.

விதியைச் சொன்னேன்.
கண்ணை மூடினான், ஜெபம்போல.
"முப்பதாயிரத்துக்கு நாளுக்கு அம்பது...
வருசத்துக்கு அறுபத்தொரு சதவீதம் எக்கா.
இதுக்கு என்ன பேருன்னு நேத்துதான் மாடியில படிச்சோம்."

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.
பழைய ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையைத் தள்ளினேன்.
"செரி, இதப் போடு மக்களே.
எஸ்தர் பாய் சீட்டு. லட்ச ரூவா, இருபது மாசம்.
நாலாம் மாசமே ஏலத்துல எடுத்தேன்,
கையில வந்தது எழுபத்திரண்டு."

பேனா ஓடியது, நின்றது,
ஒரு வரியை அடித்தது, மறுபடி ஓடியது.
கடைசியில் ஓர் எண்ணுக்கு வட்டம் போட்டு
என் பக்கம் திருப்பாமலே வைத்திருந்தான்.
எட்டித்தான் பார்த்தேன்.
அந்த எண்ணை இங்கே சொல்லப்போவதில்லை.

வரிசை முணுமுணுத்தது.
கர்ப்பப்பை அறுவை, மார்த்தாண்டம் ஆஸ்பத்திரி,
பணம் கட்டினால்தான் தியேட்டர் என்ற வெள்ளிக்கிழமை,
வங்கி இரண்டு ஜாமீன் கேட்டது,
எஸ்தர் பாய் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
ரொக்கத்தோடு வாசலில் நின்றது,
இதையெல்லாம் அவனிடம் ஏன் சொல்ல?
"ராத்திரி ஒம்பதரைக்கு வீடு தேடி வந்த பணத்துக்கு
என்ன ரேட்டுன்னு கேட்டுச் சொல்லு" என்றேன்.
விளையாட்டாகத்தான்.
அவன் அந்த அட்டையைக் கிழித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஆகஸ்டில் வந்தான்.
நோட்டில் கணவாய்மீன் வாடை,
இயந்திரம் மூன்று தடவை இருமியது.
அபராதம் பதினாலு நாள், எழுநூறு,
தனியாக மடித்து வைத்திருந்தான்.
அதைத் தள்ளுபடி செய்ய
என் கணினியில் பொத்தான் கிடையாது.

"சாருட்ட கேட்டேன் எக்கா."
"என்ன சொன்னாரு?"
"டேட்டா போதாதுன்னுட்டாரு."

ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.
பதினைந்தாம் தேதி என் தவணை.
இன்னும் ஆறு இருக்கிறது.