ஒன்பது மாத வீடு

ஸ்ப்லிட் நகரத்தில் செப்டம்பர் பாதியில்
சாவி கொடுப்பார்கள்.
ஜூன் பாதியில் வாங்கிக்கொள்வார்கள்.
இடையில் ஒன்பது மாதம்.
பெற்றவள் சுமப்பதோ பத்து.
ஆக, வருடாவருடம் இந்த ஊருக்கு நான்
குறைப்பிரசவம்.

ஒப்பந்தம் ஒரே பக்கம்.
கோடை என்ற சொல்லே அதில் இல்லை.
ஆனாலும் ஜூன் பத்து நெருங்கினால்
படிக்கட்டில் அட்டைப்பெட்டிகள் இறங்கத் தொடங்கும்.
மூன்றாம் மாடி இசை வாத்தியார்
மயங்கிய ஆளைத் தூக்குவதுபோல்
செல்லோவை அணைத்துக்கொண்டு இறங்குவார்.
"செப்டம்பரில்" என்பார்.
"செப்டம்பரில்" என்பேன்.
எங்கள் கட்டடத்தில் அதுதான் வணக்கம்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.
சம்பளம் ஆயிரத்து இருநூற்றுப் பத்து யூரோ.
கோடையில் என் வீட்டின் ஓர் இரவு
நூற்றுப் பத்து.
கணக்கில் நான் புலியில்லை,
இது மட்டும் மீதியில்லாமல் வகுபட்டுவிடுகிறது:
மாதம் முழுக்க ஊரார் எலும்பைப் பார்த்தால்
பதினோரு ராத்திரி
என் கட்டிலில் நான் படுக்கலாம்.
சாப்பிடாமல்.

பன்னிரண்டாம் ராத்திரிக்கு சோர்க்கா இருக்கிறாள்,
மயக்க மருந்துப் பிரிவு,
சோலின் பக்கம் ஒன்றரை அறை வீடு.
துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே
எனக்கொரு மெத்தை.
அவள் ராத்திரியில்தான் துவைப்பாள், மின்சாரம் மலிவு.
இயந்திரம் பிழியப் பிழிய
விடிவதற்குள் ஒரு சாண் நகர்ந்திருப்பேன்,
கதவை நோக்கி.

வீட்டுக்காரி விங்கா கெட்டவள் என்று எழுதினால்
கவிதை சுலபமாக முடிந்துவிடும்.
முப்பத்தொரு வருடம் சட்டைக் காலர் தைத்தாள்.
ஆலையை மூடினார்கள்.
ஓய்வூதியம் மீனுக்கும் விறகுக்கும் காணும்,
மாத்திரைக்குக் காணாது.

போன ஜூலையில்
விட்டுப்போன குடையை எடுக்கப் போனேன்.
கீழே, கார் நிறுத்தும் அறையில்
மடக்குக் கட்டில், பெயின்ட் டப்பாக்கள்,
கணவரின் படம் பழைய டயரில் சாய்ந்து.
அவள் வீட்டிலும் ஆள் வந்துவிட்டது.
வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள்
நிமிராமலே சொன்னாள்,
"இங்கே குளுமை."
"ஆமாம், குளுமை" என்றேன்.
குடையை மறுபடி விட்டுவிட்டு வந்தேன்.

அந்த மாதமே ஓர் இரவு, மணி இரண்டு.
பழைய ஊரின் பளிங்குத் தரையில் வழுக்கியவர்கள்
வரிசையில் இருந்தார்கள்.
கோடை முழுக்க இந்த வரிசை உண்டு;
அத்தனை பேர் நடந்து நடந்து
தெருவே கண்ணாடியாகிவிட்டது.
நெடிய பையன் ஒருவன், கணுக்கால் பூசணிபோல்.
பெயர் சொன்னான். பிறந்த தேதி சொன்னான்.
உள்ளூர் முகவரி?
தெருப்பெயர் வாயில் நுழையாமல்
போனை என்னிடம் நீட்டினான்.

நாலாம் மாடி. இடது கதவு.

எழுதிக்கொண்டேன்.
என் கையெழுத்துக்கு அது பழக்கம்,
பார்க்காமலே எழுதும்.

ஈயக் கவசத்தைப் போர்த்தினேன்.
பாதத்தைத் திருப்பி வைத்தேன், வலிக்காமல்.
வலியை மறக்கவோ என்னவோ
பேச ஆரம்பித்தான்:
வீடு பிரமாதமாம்.
ஜன்னலில் கடல் ஒரு துண்டு தெரிகிறதாம்.
யாரோ விட்டுப்போன துளசிக்கு
தினமும் தண்ணீர் ஊற்றுகிறானாம்.
குளியலறைக் குழாய் மட்டும்
விடிய விடியச் சொட்டுகிறது, தூக்கமே இல்லை.

"கொஞ்சம் மேலே தூக்கி
இடது பக்கம் திருப்ப வேண்டும்" என்றேன்.

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"அசையாதீர்கள்" என்றேன்,
கண்ணாடிக்குப் பின்னால் போய்
பொத்தானை அழுத்தினேன்.