மேற்படி நபர்

பல்லடம் தாலுகா ஆபீஸ் வாசலில்
டைப் அடிக்கிறவர் கேட்டார்:
"மொத்தம் எத்தனை பேருங்க?"
"ஒருத்தர்தானுங்க. எங்கப்பா."
"அது செரி. எத்தனை பேரு?"

பையைத் திறந்தேன்.

மில் அட்டையில் வெள்ளிங்கிரி.
ரேஷன் கார்டில் வெள்ளீங்கிரி, வயது நாற்பத்தாறு;
நான் அஞ்சாவது படிக்கும்போதும் அதுதான்,
எனக்குக் கல்யாணமானபோதும் அதுதான்.
கிரயப் பத்திரத்தில் வெள்ளியங்கிரி.
எழுதினவர் படித்தவர்,
மலையின் பேரை முழுசாகத் தெரிந்தவர்.
எங்கள் வாயில் அந்த மலை
எப்போதும் ஓர் எழுத்துத் தேய்ந்தே இருக்கும்.
பாங்கில் மட்டும் இடம் விட்டு
வெள்ளி, அப்புறம் கிரி.
கவுண்டரில் இருந்த பெண்
"கிரி சார், கிரி சார்" என்று கூப்பிட,
டோக்கன் தாண்டிப் போகும்வரை
யாரையோ என்று உட்கார்ந்திருந்தார்.
ஓட்டர் லிஸ்டில் ஒரு தடவை
வெள்ளாங்கிரி, பெண்.
அதற்கும் போய் ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங்.
லேபிள் கோணினால் தெரியும்,
எம் சைசில் எல் ஏறியிருந்தால் தெரியும்.
இருபத்திரண்டு வருசமாகத்
தப்புப் பீஸைத் தனியே எடுத்துப் போடுகிற கை.
அப்பாவின் காகிதங்களைப் பரப்பி வைத்தால்
எதை எடுத்து எங்கே போடுவது?

பென்சனுக்குப் பிறந்த தேதி ஆதாரம் வேண்டுமென்றார்கள்.
ரெக்கார்டு ரூம்காரர்
மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு
கட்டைத் தட்டினார்.
புழுதி எங்கள் ரெண்டு பேர் மேலும்.
கர்ணத்தின் கையெழுத்து,
கடைசி எழுத்துக்கெல்லாம் வால்.

நாற்பத்தொன்று, ஆகஸ்டு.
ஆண். தகப்பன் ரங்கப்பன்.
பேர், பிற்பாடு வேறு மசியில்: வெள்ளைங்கிரி.
பள்ளிக்கூடத்துத் தேதியும் இதுவே.
சந்தோசமாக நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த கட்டைப் பிரித்தது தற்செயல்.
அது இறப்பு.
நாற்பத்துமூன்று, மார்ச்சு.
வெள்ளைங்கிரி, தகப்பன் ரங்கப்பன்.
வயது ஒன்றரை. அம்மை.

எங்கள் குடும்பத்தில்
வயது சரியாக எழுதப்பட்ட ஒரே ஆள்.

நாற்பத்துநான்கு, நவம்பர்.
ஆண். தகப்பன் ரங்கப்பன்.
பேர் இருக்க வேண்டிய கட்டம் காலி.

எங்கப்பா அந்தக் கட்டம்.

போன பிள்ளையின் பேரையே
வந்ததுக்கும் வைத்திருக்கிறார்கள்.
பள்ளியில் சேர்க்கையில் வாத்தியார் நகல் கேட்டிருப்பார்.
பேர் போட்ட சீட்டு ஒன்றுதான் கிடைத்திருக்கும்.
யாரும் பொய் சொல்லவில்லை.
கேட்டார்கள், இருந்ததைக் காட்டினார்கள்.

அப்படித்தான் அந்த ஒன்றரை வயசு
அஞ்சாம் வகுப்புப் பாஸானது,
சூலூரில் ஸ்பின்னிங்கில் சேர்ந்தது,
ராவு ஷிப்டில் பஞ்சு இருமியது.
அம்பத்தெட்டு முடிந்ததென்று
மாலை போட்டு எவர்சில்வர் குடம் கொடுத்து
மில் அதை வீட்டுக்கு அனுப்பியது.

அன்றைக்கு மேடையில் பேசச் சொன்னார்கள்.
அப்பா மைக்கைப் பிடித்து
"எனக்கு இன்னும் ஆகலைங்க" என்றார்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும்.

தெரிந்துதான் சொன்னாரா?
மூன்று வருசம் மூன்று மாதம்.
சம்பளம் அப்போது நாலாயிரத்துச் சொச்சம்.
டீக்கடைப் பேப்பரில் பெருக்கிப் பார்த்தேன்,
வடை எண்ணெயில் தொகை ஊறிக்கொண்டிருந்தது.

"மேற்படி பெயர்கள் அனைத்தும்
ஒரே நபரையே குறிக்கும் என
இதன்மூலம் உறுதி கூறுகிறேன்"
டைப் ஓடிக்கொண்டிருந்தது.
"அஞ்சு போட்டாச்சுங்க.
பொறந்த ரெஜிஸ்டர்ல இருக்கற வெள்ளைங்கிரியும்
அவருதானுங்களே?"

இல்லையென்றால் தேதி நிற்காது.
தேதி நிற்காவிட்டால்
அம்மாவுக்கு மாத்திரை வாங்கும் பணம் வராது.

"சொல்லுங்க, எத்தனை பேரு?
எனக்கு வரிக்குத்தானுங்க காசு."

ரெண்டு பேருங்க என்று
நாக்குவரை வந்தது.

"ஆறு" என்றேன்.